அக்காவின் குசினியில் ஓர் ஆசியச் சமையல் புத்தகம்

தெர்மோமிக்ஸ் மெசினுக்கென்றே எழுதப்பட்ட ஆசியச் சமையல் புத்தகம் ஒன்று விசுவமடுவில் அக்கா வீட்டுக் குசினியில் இருக்கிறது. மெல்பேணில் இருக்கிற பெரியம்மாவின் மகள் புது மெசின் வாங்கியதும், பழையதையும் இந்தப் புத்தகத்தையும் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனாள். பக்கங்களில் இப்போது மஞ்சள் கறையும் எண்ணெய்க் கறையும் ஏறிவிட்டன. ஓரங்களில் அக்கா பென்சிலால் எழுதிய குறிப்புகள் நிறைந்துவிட்டன. அரைப்பது, கிளறுவது, ஆவியில் அவிப்பது பற்றிய பக்கங்களில் இந்தப் புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். வறுப்பது, பிரட்டுவது, தாளிப்பது என்று வந்தால் அதை மூடி வைத்துவிட்டுச் சட்டியை அடுப்பில் ஏற்ற வேண்டும். புத்தகம் மட்டும் இதை ஒத்துக்கொள்வதில்லை. முன்னுரையில் தொடங்கி கடைசிப் பக்கம் வரை, ஆசியா முழுவதும் அந்த ஒரே பாத்திரத்துக்குள் சமைந்துவிடும் என்று சொல்கிறது. என் சண்டை அதோடுதான்.

மெசினைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் வூப்பர்டால் நகரத்து ஃபோர்வெர்க் நிறுவனத்தின் தயாரிப்பு இது. சூடு கொடுத்துக்கொண்டே அரைக்கிற முதல் மெசினை அவர்கள் 1971 இல் வெளியிட்டார்கள். அந்த யோசனை பிரான்சில் இருந்த அவர்களுடைய கிளையில் பிறந்தது. கெட்டியான சூப்பை ஒரே பாத்திரத்தில் அரைத்துக் காய்ச்ச வேண்டும் என்பதுதான் அன்றைய தேவை. எங்களிடம் வந்தது 2014 இல் வெளியான டிஎம்5. பாத்திரம் 2.2 லீற்றர் கொள்ளும். அடியில் நாலு இதழ்க் கத்தி. நிறுக்கும், வெட்டும், அரைக்கும், மா குழைக்கும், கிளறிக்கொண்டே காய்ச்சும். மேலே ஒரு தட்டு வைத்தால் ஆவியில் அவிக்கும். கத்தியைப் பின்பக்கமாகச் சுழல விட்டால் வெட்டாமல் தள்ளிக் கிளறும். சூடு 120 பாகை செல்சியஸ் வரைதான் ஏறும். இந்த 120 என்ற எண்ணை மனதில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

அக்காவின் வலது கையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் புத்தகத்தைப் பற்றி நான் எழுத முடியாது. யுத்தத்தின் கடைசி மாதங்களில், 2009 மாசியில், தேவிபுரத்தில் விழுந்த செல்லின் துண்டொன்று முழங்கைக்குக் கீழே அறுத்துக்கொண்டு போனது. கை இருக்கிறது, விரல்கள் மடங்காது. எங்கள் சமையலில் எத்தனை வேலைக்கு இரண்டு கை வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அம்மியில் குழவி உருட்ட இரண்டு கை. தேங்காய் திருவ இரண்டு கை. பால் பிழிய, இடியப்ப உரலை அமத்த, சட்டியைப் பிடித்துக்கொண்டு அகப்பையால் கிளற, எல்லாவற்றுக்கும் இரண்டு கை. அக்கா இடது கையாலேயே எல்லாவற்றையும் பழகினாள். அரைப்பதற்கு மட்டும் அயலில் யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிட அவளுக்குப் பிடிக்காது. அதனாலேயே அரைத்த கறி எங்கள் வீட்டில் கனகாலம் இல்லாமல் போனது. வன்னியில் இப்படிக் கையிலோ காலிலோ காயத்தோடு குடும்பத்தைக் கொண்டு நடத்துகிற பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஒரு சமையல் புத்தகத்தை அவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கிறபோது, படம் வடிவாயிருக்கிறதா, பலகாரம் புதுசா என்பதெல்லாம் பின்னுக்குப் போய்விடுகிறது. எந்தப் பக்கம் எந்த வேலையைக் கையிலிருந்து இறக்கி வைக்கிறது என்பதே முதல் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் புத்தகத்தின் முதல் பகுதியே பதில் சொல்லிவிட்டது. தாய்லாந்துப் பச்சைக் கறிக் கூட்டு, மலேசிய லக்சாக் கூட்டு, இந்தோனேசியச் சம்பல் என்று அரைத்தெடுக்கிற கூட்டுகளுக்கு ஒரு தனி அத்தியாயம். எழுதியவருக்கு அரைப்பதைப் பற்றி உண்மையாகவே தெரிந்திருக்கிறது. நார் உள்ளதையும் காய்ந்ததையும் முதலில் போடு, தண்ணி விடுகிற வெங்காயத்தைக் கடைசியில் போடு என்கிறார். அரைவாசியில் நிறுத்தி ஓரத்தில் ஏறியதை வழித்து விடச் சொல்கிறார். கத்திக்குப் பிடி கிடைக்காவிட்டால் தண்ணீரை ஊற்றாதே, ஒரு கரண்டி எண்ணெய் விடு என்கிறார். அக்கா அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு தாய்லாந்துக் கறி வைக்கவில்லை. செத்தல் மிளகாய், மல்லி, சின்னச்சீரகம், உள்ளி, சின்ன வெங்காயம், ஒரு பிடி தேங்காய்ப்பூ என்று எங்கள் கூட்டை அதே ஒழுங்கில் போட்டு அரைத்தாள். விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். "அம்மா அரைச்ச மாதிரியே வழுவழுவெண்டு வந்திருக்கு பிள்ளை" என்றாள். அன்று கணவாய்க் கறி. அந்த ஓர் அத்தியாயத்துக்காகவே இந்தப் புத்தகத்தை நான் எவருக்கும் சிபாரிசு செய்வேன்.

சம்பலுக்கு மட்டும் அந்தக் கணக்கு முழுதாகப் பொருந்தாது. உரலில் இடிக்கிறபோது தேங்காய்ப்பூ நசுங்கி எண்ணெய் கக்கும். கத்தி வெட்டுகிறது, நசுக்குவதில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுச் சுற்றினால் பூ தனியாக, மிளகாய் தனியாக உதிர்ந்து கிடக்கும். பொரித்த செத்தல் மிளகாயையும் உப்பையும் வெங்காயத்தையும் முதலில் களியாக அரைத்துவிட்டு, பூவைப் போட்டு இரண்டு மூன்று தரம் விட்டு விட்டுச் சுற்றி, தேசிக்காய்ப்புளி விட்டுக் கையால் பிசைந்தால் சரி வரும். இடிச்ச சம்பலுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். அதற்கு மேலே போகாது.

இனி தேங்காய்ப்பால். இந்த விசயத்தில் புத்தகம் எங்களை ஏமாற்றுகிறது. ஆசியா என்று பெயர் வைத்துவிட்டு, தேங்காய்ப்பால் என்றால் 400 மில்லிலீற்றர் பேணி என்றே எல்லாப் பக்கத்திலும் எழுதியிருக்கிறார்கள். பேணிப் பாலில் அது பிரியாமல் இருப்பதற்குப் பசை சேர்த்திருப்பார்கள். அதை 100 பாகையில் அரை மணித்தியாலம் கொதிக்க விட்டாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. வளவில் விழுந்த தேங்காயைத் திருவிப் பிழிந்த பாலை அப்படிக் கொதிக்க விட்டால் திரைந்து, எண்ணெய் மேலும் தண்ணி கீழுமாகப் போய்விடும். 80 பாகையைத் தாண்டினால் அதிலுள்ள புரதம் திரளத் தொடங்கிவிடும். இதெல்லாம் எண்ணாகத் தெரியாவிட்டாலும் எங்கள் அம்மாமாருக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்ததுதான். இரண்டாம் பாலில் காயை அவித்து, முதற்பாலைக் கடைசியில் விட்டு, கொதி வர முன்னம் இறக்கி, ஆறிய பிறகு தேசிக்காய் பிழிவார்கள்.

இந்த மெசினை விடச் சொதிக்குப் பொருத்தமான பாத்திரம் இல்லை என்பேன். சூட்டை 80 இல் நிறுத்தி வைத்துக்கொண்டு, கத்தியைப் பின்பக்கமாக மெதுவாகச் சுழல விட்டால், முதற்பால் சூடேறும், கெட்டியாகும், திரையவே திரையாது. பக்கத்தில் நின்று கிளறத் தேவையில்லை. அக்கா வைக்கிற பால்ச்சொதி இப்போது ஒவ்வொரு தரமும் ஒரே பதத்தில் இறங்குகிறது. ஆசியாவில் எத்தனையோ பேர் தேங்காய்ப்பாலில் சமைக்கிறார்கள். அவர்களுக்கு மெசின் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான். புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

பால் எடுக்கிற பக்கமும் ஒன்று இருக்கிறது, கடைசியில், மரக்கறிப் பால்கள் என்ற தலைப்பில். தேங்காய்ச் சொட்டையும் சுடுதண்ணியையும் போட்டு உச்ச வேகத்தில் அடி, பிறகு துணியில் கட்டிப் பிழி என்கிறது. அடிப்பது சரி. பிழிவது யார்? அக்கா குசினி யன்னல் கம்பியில் ஒரு கொளுக்கி மாட்டியிருக்கிறாள். துணிப்பையை அதில் தொங்கவிட்டு, இடது கையால் மேலிருந்து கீழே வழித்து வழித்து இறக்குவாள். கீழே சட்டி. பிறகு அதே பூவை மறுபடி மெசினில் போட்டுத் தண்ணி விட்டு இரண்டாம் பால். பார்க்க நேரம் எடுக்கிற வேலைதான், ஆனால் திருவலையில் குந்துகிற வேலை முழுதாக இல்லாமல் போய்விட்டது.

இப்போது அந்த 120 பாகைக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்துக் கறித்தூளின் உயிர் வறுவலில் இருக்கிறது. மல்லி, பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், மிளகு, வெந்தயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக, அதனதன் நிறம் வரும்வரை வறுக்க வேண்டும். மல்லி பொன்னிறத்தைத் தாண்ட வேண்டும். வெந்தயம் சிவக்க வேண்டும், கறுத்தால் கைக்கும். பொருள் நிறம் மாறி வாசம் எழும்புகிற அந்த மாற்றம் விறுவிறுப்பாக நடக்க 140 பாகையாவது வேண்டும். புத்தகம் என்ன சொல்கிறது? எல்லா வாசனைச் சாமானையும் ஒன்றாகப் பாத்திரத்தில் போட்டு, 120 பாகையில் சில நிமிடம் சுழல விட்டு, அப்படியே உச்ச வேகத்தில் அரைக்கச் சொல்கிறது. அக்கா மூடியைத் திறந்து ஒரு மல்லியை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். "இதுக்குள்ள மல்லி வறுபடாது பிள்ளை. காயும், அவ்வளவுதான்." அந்த வரியை அப்படியே பக்கத்தின் ஓரத்தில் எழுதியும் வைத்திருக்கிறாள்.

ஆக, வறுப்பது விறகடுப்பில், தாச்சியில். அரைப்பது மெசினில். அதில் எங்களுக்குப் பெரிய லாபம் உண்டு. மில்லுக்குக் கொண்டுபோனால் கிலோக்கணக்கில் கொண்டுபோக வேண்டும். எங்களுக்கு முன்னால் யார் என்ன அரைத்தார்களோ அதுவும் கொஞ்சம் கலந்து வரும். வீட்டில் இரண்டு கிழமைக்குத் தேவையானதை மட்டும் வறுத்து அரைத்தால் தூள் எப்போதும் புதுசாகவே இருக்கும். ஒன்றைக் கவனிக்க வேண்டும். வறுத்ததைச் சுளகில் பரப்பி நன்றாக ஆறவிட்ட பிறகே மெசினில் போட வேண்டும். சூட்டோடு போட்டால் ஆவி மூடியில் வேர்த்து இறங்கி, தூள் கட்டிபட்டுவிடும். அரைத்து முடிந்ததும் உடனே மூடியைத் திறக்கவும் கூடாது. மிளகாய்ப் புழுதி அடங்கட்டும்.

தாளிதமும் இப்படித்தான். இலங்கைக்கென்று புத்தகத்தில் ஒரேயொரு பக்கம், மைசூர்ப் பருப்புக் கறி. பருப்பு, மஞ்சள், தேங்காய்ப்பால், கடுகு, கறிவேப்பிலை எல்லாம் தொடக்கத்திலேயே ஒன்றாகப் போட்டு அவிக்கச் சொல்கிறது. பருப்பு நன்றாகத்தான் அவிகிறது, கத்தியைப் பின்பக்கமாகச் சுழல விட்டால் கூழாகாமலும் இருக்கிறது. ஆனால் அந்தச் சூட்டில் கடுகு வெடிக்காது, வெங்காயம் சிவக்காது. ஒரு சின்னத் தாச்சியில் தாளித்துக் கொட்டு என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்தப் பக்கம் முழுமையாகியிருக்கும். ஒரே பாத்திரம் என்ற பிடிவாதம் அந்த ஒரு வரியைத் தின்றுவிட்டது. 2019 இல் வந்த டிஎம்6 160 பாகை வரை போகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கென எழுதிய புத்தகங்களில் நிலைமை வேறாக இருக்கலாம். எங்களைப் போல ஊரில் இருக்கிறவர்கள் கைக்கு வருவது பழைய மெசின்களும் பழைய புத்தகங்களும்தான்.

இந்தப் பிடிவாதத்தால் மிக மோசமாகக் கெட்டுப் போனது ரெண்டாங். மேற்குச் சுமாத்திராவில் மினாங்கபாவ் மக்களின் சமையல் அது. இறைச்சியைத் தேங்காய்ப்பாலிலும் அரைத்த கூட்டிலும் மணிக்கணக்காகக் காய்ச்சுவார்கள். முதலில் அது குழம்பாக இருக்கும். வற்ற வற்றக் கெட்டியாகும். அந்த இடைநிலைக்கு அவர்கள் காலியோ என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். அதையும் தாண்டி வற்றும்போது பாலிலிருந்து எண்ணெய் பிரியும். பிறகு இறைச்சி அந்த எண்ணெயிலேயே பொரிந்து கறுத்த மண்ணிறமாகும். அப்போதுதான் அது ரெண்டாங். வறுத்து இடித்த தேங்காய்ப்பூவும் சேரும். இதை வாசித்ததும் அக்காவுக்கு எங்கள் இறைச்சிப் பிரட்டல் நினைவு வந்தது. எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை பிரட்டுவது எங்களுக்கும் பழக்கம்தானே.

புத்தகத்து ரெண்டாங் ஒரு மணித்தியாலத்தில் மெசினுக்குள்ளேயே முடிகிறது. மூடிய பாத்திரத்தில் தண்ணி எங்கே போகும்? மூடி நடுவிலுள்ள ஓட்டையைத் திறந்து வைத்து, தெறிக்காமல் மேலே கூடையைக் கவிழ்த்தாலும் கொஞ்சம் ஆவிதான் போகும். கடைசியில் கிடைப்பது காலியோ, நல்ல காலியோ. ஆனால் பக்கத்தின் தலைப்பில் ரெண்டாங் என்று போட்டிருக்கிறது. நாங்கள் மாட்டிறைச்சி சமைப்பதில்லை. ஆட்டிறைச்சியில் செய்தோம். கூட்டை அரைத்ததும் இறைச்சி அவிந்ததும் மெசினில். பிறகு எல்லாவற்றையும் மண்சட்டிக்கு மாற்றி, விறகைப் பின்னுக்கு இழுத்துத் தணலில் வைத்தோம். அக்கா பலகையில் இருந்து இடது கையால் விட்டு விட்டுக் கிளறினாள். குழம்பு மேலே குமிழி விட்ட சத்தம் மெல்ல மாறி, பொரிகிற சத்தம் வந்தது. சட்டியின் ஓரத்தில் எண்ணெய் கோடு கட்டியது. தேங்காய்ப்பூவை வறுத்துப் போட்டதும் வாசம் ரோட்டு வரைக்கும் போயிருக்கும், பக்கத்து வீட்டு மாமி வேலியடியில் வந்து நின்று "என்ன பிள்ளையள் காய்ச்சுறியள்?" என்று கேட்டாள். ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தோம். இறைச்சி அவிக்கிற நேரம் முழுவதும் அக்கா அடுப்படியில் நிற்கவில்லை, கடைசிப் பங்குக்கு மட்டும் இருந்தாள். மெசினுக்கும் சட்டிக்கும் வேலையை இப்படிப் பங்கு பிரிக்கிற புத்தகம் ஒன்றை யாராவது எழுத மாட்டார்களா என்று அன்றைக்கு இரண்டு பேரும் கதைத்துக்கொண்டிருந்தோம்.

மெசின் மட்டும் போதும் என்கிற பலகாரமும் உண்டு. மலேசியா, சிங்கப்பூர்ப் பக்கத்துக் கயா. தேங்காய்ப்பால், முட்டை, சீனி, ரம்பை. பாணுக்குப் பூசிச் சாப்பிடுகிற களி. கொதிதண்ணிப் பாத்திரத்துக்கு மேல் இன்னொரு பாத்திரம் வைத்து, முட்டை திரண்டுவிடாமல் கை ஓயாமல் கிளற வேண்டிய வேலை அது. மெசின் 80 பாகையில் தானே கிளறித் தந்துவிடுகிறது. ஆசியக் கடையில் பாண்டான் இலை வாங்கு என்கிறது புத்தகம். அது எங்கள் கிணற்றடி ரம்பைதான். சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைத் தட்டிப் போட்டாள் அக்கா. நிறம் கறுத்துவிட்டது, படத்தில் இருக்கிற பச்சை எங்கேயும் இல்லை. சுவையில் வட்டிலப்பத்துக்கு உறவு. பிள்ளைகள் ரோஸ் பாணில் தடவித் தடவி ஒரே மூச்சில் போத்தலைக் காலி செய்துவிட்டார்கள். இந்தப் பக்கத்தின் மேல் அக்கா எழுதியிருப்பது ஒரே சொல்: நல்லது.

ஆவியில் அவித்த மீன் பக்கமும் நல்லது. இஞ்சி, வெங்காயத்தாள், சோயாச் சோஸ். முல்லைத்தீவிலிருந்து காலையில் மோட்டார்சைக்கிளில் வருகிற விளைமீனுக்கு அது போதும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். அத்தானுக்குக் குழம்பு இல்லாவிட்டால் சோறு இறங்காது.

கஞ்சிப் பக்கத்தை நாங்கள் சமைக்கவில்லை. சீனக் கஞ்சி, கோழி ரசத்தில் அவித்து மேலே பொரித்த உள்ளியும் நல்லெண்ணெயும் விடுவது. செய்முறையில் ஒரு பிழையும் இல்லை. மெசினில் அரிசி அடிப்பிடிக்காமல் அழகாகக் குழையும் என்பதும் தெரியும். வன்னியில் கஞ்சி என்றால் யுத்தத்தின் கடைசி நாட்களில் அரிசியும் தண்ணியும் உப்புமாக முள்ளிவாய்க்காலில் எங்கள் உயிரைப் பிடித்து வைத்த கஞ்சி. வருடா வருடம் வைகாசியில், 12 ஆம் திகதியிலிருந்து 18 வரை, சந்திகளிலும் கோயில் வாசல்களிலும் பெரிய கிடாரத்தில் காய்ச்சி, தெருவால் போகிறவர்களுக்குச் சிரட்டையில் ஊற்றிக் கொடுக்கிறோம். அக்கா அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டு அடுத்ததற்குப் போனாள். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

பக்கம் பக்கமாகப் பார்த்தால் எங்கள் சாப்பாடு இந்தப் புத்தகத்தில் இல்லை என்பது உண்மை. யப்பானில் தொடங்கி வட இந்தியாவோடு கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது ஆசியா. அதற்குத் தெற்கே அந்தப் பருப்புக் கறியும் தோசை மாவும்தான். புட்டு இல்லை, இடியப்பம் இல்லை, கூழ் இல்லை. அதற்காக நான் கோபப்படப் போவதில்லை, ஒரு புத்தகத்தில் எல்லாரையும் அடக்க முடியாது. ஆனால் புட்டுக்கு இந்த மெசின் எவ்வளவு உதவும் என்பதை எழுதாமல் இருக்க மனம் வரவில்லை. வறுத்த அரிசிமாவில் உப்புச் சுடுதண்ணி விட்டுக் குழைத்த பிறகு, அதைச் சுண்டுப் பேணியின் விளிம்பால் கொத்திக் கொத்திக் குறுணியாக்க வேண்டும். ஒரு கை மாவைக் கூட்டி ஒதுக்கும், மறு கை கொத்தும். அக்காவால் முடியாத வேலைகளில் இது முக்கியமானது. மெசினில் மாவைப் போட்டு, தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஒவ்வொரு நொடியாக விட்டு விட்டுச் சுற்றினால் குறுணி குறுணியாக உதிர்ந்து வருகிறது. கூடச் சுற்றினால் ரொட்டி மாவாகத் திரண்டுவிடும், அதனால் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். தேங்காய்ப்பூவைக் கையால் கலந்து, பனையோலை நீத்துப்பெட்டியில் போட்டு, பானையில் வைத்து அவிப்பாள். மெசினோடு வந்த ஆவித்தட்டில் அவித்தும் பார்த்தோம். ஆவி வேர்வை ஓரத்தில் இறங்கிப் புட்டு சதசதவென்று போகிறது. ஓலையின் வேலையை அந்தத் தட்டு செய்யாது.

கூழ் வேறு கதை. கெட்டிச் சூப்புக்காகப் பிறந்த மெசினில் ஒடியல் கூழ் நன்றாக வர வேண்டும். மா கரைந்து தடிப்பதும் அடிப்பிடிக்காமல் இருப்பதும் சரியாகத்தான் வரும். ஆனால் நண்டுக் கோதும் பலாக்கொட்டையும் கத்திக்குப் பகை. அதோடு கூழ் என்பது 2.2 லீற்றருக்குள் நிற்கிற சாப்பாடா? வீட்டில் கூழ் காய்ச்சினால் வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பிலாவிலையோடு வந்து குந்துவார்கள். அந்தப் பாத்திரம் நாலு பேருக்கானது. புத்தகத்திலும் எல்லா அளவும் நாலு பேருக்குத்தான். எங்கள் வீட்டில் நாலு பேர் மட்டும் சாப்பிட்ட மத்தியானம் ஏதாவது உண்டா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

அளவைப் பற்றி இன்னொன்று. எல்லாம் கிராமில். பாத்திரத்திலேயே தராசு இருப்பதால் அது வசதி. இடது கையால் கொட்டிக்கொண்டே எண்ணைப் பார்த்தால் போதும், சுண்டும் கரண்டியும் தேட வேண்டாம். ஆனால் எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் புத்தகம் நிறுத்திக்கொள்கிறது. இத்தனை நிமிடம், இத்தனை பாகை, இந்த வேகம், முடிந்தது. என்ன நிறம் வர வேண்டும், எப்படி மணக்க வேண்டும், கரண்டியில் எடுத்தால் எப்படி ஒழுக வேண்டும் என்று எங்கேயும் இல்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணியில் விளைந்த புதுநெல்லுச் சிவப்பரிசிக்கும் பெட்டியில் வந்த தாய்லாந்து அரிசிக்கும் ஒரே தண்ணி, ஒரே நிமிடம் எப்படிச் சரிவரும்? மாரியில் பறித்த தேங்காயும் கோடையில் பறித்த தேங்காயும் ஒரே பால் தராது. அக்காவின் பென்சில் குறிப்புகளில் பெரும்பாலானவை இதைத்தான் நிரப்புகின்றன. "மணம் வந்தால் நிப்பாட்டு." "தண்ணி கூட." "இறால் போட்டால் அஞ்சு நிமிசம் காணும்." சமையல் எழுதுகிறவர்கள் இந்த வரிகளை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள் போல. புதுச் சாமானோடு சமைக்கிறவளுக்கு வழிகாட்டுவதே இவைதான்.

கரண்டைப் பற்றி எழுதாமல் வன்னியில் எந்த மெசினைப் பற்றியும் எழுத முடியாது. யுத்த காலத்தில் எங்கள் பக்கம் வருடக்கணக்காகக் கரண்ட் இல்லை. எங்கள் தலைமுறை ஜாம் போத்தல் விளக்கில் படித்தது. 2022 இல் நாடு முழுவதுக்கும் இருட்டு வந்தது, பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். அதே வருடம் ஆவணியில் கட்டணத்தைச் சராசரி 75 வீதம் ஏற்றினார்கள், 2023 மாசியில் இன்னும் 66 வீதம். பிறகு கொஞ்சம் குறைத்தார்கள். இந்த மெசினின் சூடாக்கி 1000 வாட் இழுக்கும். ஆகவே புத்தகம் மெசினில் மணித்தியாலக் கணக்கில் காய்ச்சச் சொல்கிற இடங்களில் நாங்கள் விறகுக்கு மாறிவிடுகிறோம். அரைப்பதற்குப் பிடிப்பது சில நிமிடங்கள், அது பில்லில் பெரிதாகத் தெரிவதில்லை. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு கரண்ட் மங்கும் நேரத்தில் அக்கா அதைத் தொடுவதேயில்லை.

மெசினில் அக்காவுக்குச் சரிவராத ஒன்று கழுவுவது. கத்தியைக் கழற்றப் பாத்திரத்தைக் கவிழ்த்து, ஒரு கையால் கத்தியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அடிப்பூட்டைத் திருக வேண்டும். அதற்கு மகள் பள்ளிக்கூடத்தால் வர வேண்டும். தண்ணியும் ஒரு சொட்டுச் சவர்க்காரமும் விட்டு உச்ச வேகத்தில் சுற்றினால் முக்கால்வாசி துப்புரவாகிவிடும் என்று புத்தகம் சொல்வது உண்மை. மஞ்சள் கறை மட்டும் மூடி றப்பரிலிருந்து போகாது, வெயிலில் காய வைத்தால் வெளிறும்.

புதிதாக வாங்கினால் இரண்டாயிரம் அவுஸ்திரேலிய டொலருக்கு மேல், எங்கள் காசில் நாலு லட்சத்தைத் தாண்டும். இங்கே யாரும் அதைக் கடைக்குப் போய் வாங்கப் போவதில்லை. வெளிநாட்டில் சொந்தக்காரர் புதுசு வாங்கும்போது பழசு ஊருக்கு வரும், அவ்வளவுதான். அப்படி அனுப்ப நினைக்கிறவர்களுக்காக ஒன்றிரண்டு விசயம். அவுஸ்திரேலியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருகிற மெசின் இங்குள்ள 230 வோல்ற்றில் அப்படியே ஓடும், பிளக்கை மட்டும் மாற்ற வேண்டும். கனடாவில் வாங்கியது 120 வோல்ற், அதை இங்கே செருகிவிடாதீர்கள். அனுப்பும்போது மூடி றப்பர் ஒன்றையும் கூடப் போட்டு விடுங்கள், மிளகாயும் உள்ளியும் பட்டுப் பட்டு முதலில் தளர்வது அதுதான். புத்தகம் டொச்சிலோ பிரெஞ்சிலோ இருந்தால் அரைக்கிற அத்தியாயத்தை மட்டுமாவது தமிழில் எழுதிக் கொடுத்து விடுங்கள். ரெண்டாங் பக்கத்தை எழுதினால், கடைசியில் சட்டிக்கு மாற்றச் சொல்லி ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.